ஓரத்து வெள்ளைத் தோல்

உத்திரமேரூர், ஐப்பசி, செவ்வாய் இரவு.

மூன்று வாரமாக நான் கட்டுப் போட்டும் எல்லம்மா அக்காவின் கால் புண் ஆறவில்லை. சேற்றில் நின்று நாற்று நடுகிற கால். சர்க்கரை வேறு. விரலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். இன்றைக்கு அக்காவே சொன்னார்: "ஓரத்துல வெள்ளையா செத்த தோலு வந்துகினே கீது சிஸ்டர். தெனம் குளிக்கசொல்ல தேங்கா நார்ல தேச்சி எடுத்துடறேன்."

அது புதுத் தோல். திட்ட வாயெடுத்தேன். சுமதி நினைவுக்கு வந்தாள்.

நர்ஸ் வேலை கிடைக்குமுன் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்த்தேன். புண் எப்படி மூடுகிறது என்று பார்க்க, தட்டில் வளர்ந்த செல்களுக்கு நடுவே ஒரு கோடு கீறி வைப்போம். காலையில் ஒரே மைக்ராஸ்கோப்பில் முட்டி மோதிப் பார்ப்போம். இரண்டு ஓரத்திலிருந்தும் செல்கள் கோட்டுக்குள் நகர்ந்து வந்திருக்கும். ஒருநாள் அழுக்கென்று நினைத்து வேகமாகக் கழுவி, வந்தவற்றையெல்லாம் போக்கிவிட்டேன். சுமதி திட்டவில்லை. "ராத்திரி பூரா நடந்து வந்துதுங்கடி" என்றாள், அவ்வளவுதான்.

அதையே அக்காவிடம் சொல்லி, இந்த வெள்ளையும் அப்படி ஓரத்திலிருந்து நடந்து வருகிற புதுத் தோல்தான் என்றேன். அக்கா குனிந்து புண்ணின் ஓரத்தைப் பார்த்தார்.

"அப்ப வாசல் வரிக்கும் வந்ததுங்கள நான்தான் தொரத்திகினு இருந்தனா?"

இதைச் சுமதியிடம் சொல்ல வேண்டும். அவள் நம்பர் பழைய போனோடு போய்விட்டது.