கேட்டவர்களுக்கு மட்டும்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மனசு வரவில்லை. போன் போட்டால் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டால் மறுபடியும் எழுதுவேன்.

போன வாரம் இருமல் நிற்கவில்லை என்று உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இருபது வருஷம் டைல்ஸ் வெட்டின தூசி நெஞ்சில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்தப் பரிசோதனை. டாக்டர் என்னோடு பேசியது ஏழு நிமிஷம். கடிகாரம் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. "பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, வேலை செய்யும்போது மூக்கை மூடிக்குங்க" என்றார். அதற்கு நீங்கள் நீட்டிய பில் என் வீட்டு வாடகையைவிட அதிகம்.

எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பிளம்பர். பெரிய கம்பெனியில் வேலை. அவருக்கும் அதே எக்ஸ்ரே. அதே மெஷின், அதே ஆள், அதே "மூச்சை இழுத்துப் பிடிங்க". அவர் அட்டையை நீட்டினார். அவரும் அவருடைய இன்சூரன்ஸும் சேர்ந்து கட்டியதே என் பில்லில் மூன்றில் ஒரு பங்குதான். எட்டிப் பார்த்தேன். வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன்.

"எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?" என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். "உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையே சார், இது முழு ரேட்" என்றாள். பில்லின் அடியில் பார்த்தால், சரிபார்த்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. நீ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அப்போதுதான் கத்தினேன். கத்தியதற்கு எனக்கு வருத்தமில்லை.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கு வருத்தமில்லை, சந்தோஷம். எனக்கு இருக்கிறது. "அது உங்க தம்பியா மேடம்?" என்று அன்றைக்கு நாலு பேர் கேட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, குடும்பச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் நான் வாங்கிய முதல் பேச்சு.

ஏன் உனக்கு மட்டும் என்று கேட்டாய் அல்லவா? சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் விலைப்பட்டியல் இருக்கிறதே, அது யாரும் கொடுப்பார்கள் என்று போட்ட விலையே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் வந்து அடித்துக் குறைப்பான் என்று தெரிந்து ஏற்றி வைத்த விலை. அவன் கையில் இரண்டு லட்சம் பேர். "குறைக்கலேன்னா எல்லாரையும் வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்" என்பான். இவர்களும் குறைப்பார்கள். நீ ஒற்றை ஆள். உனக்காகப் பேரம் பேச நாதி இல்லை. அதனால் முழு விலையும் உன் தலையில். அந்தக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி எழுதுவதற்கென்றே எங்கள் மாடியில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் சம்பளமும் உன் எக்ஸ்ரேக்குள் இருக்கிறது.

இது நியாயமா என்று என்னைக் கேட்காதே. விலை போடுகிறவள் நானில்லை. ஒரு நாளைக்கு இருநூறு பில்லில் கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்கே வந்து தலையில் அடித்துக்கொண்டேன், இன்சூரன்ஸ் எடு, முதல் வருஷம் நான் கட்டுகிறேன் என்று. "உன் பிச்சை வேணாம்" என்றாய். உன் பெண்டாட்டி எதிரில், பிள்ளைகள் எதிரில். இப்போது யாரைப் பார்த்துக் கத்துகிறாய்?

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

பிச்சை என்று சொன்னேன். நீ எப்படிச் சொன்னாய் என்பதை ஏன் எழுதவில்லை? "இந்த வீட்டுல யாருக்காவது மூளை இருக்கா?" என்றுதானே ஆரம்பித்தாய்?

நீ போன பிறகு நான் இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். உனக்குத் தெரியாது. தூசித் தொழில், நாற்பது தாண்டிய வயசு என்று ஒரு தொகை சொன்னான். கட்டலாம் என்றுதான் நினைத்தேன். படிவத்தை முழுசாகப் படித்தேன், தொழிலால் வரும் நுரையீரல் கோளாறுக்குச் செல்லாது என்று போட்டிருந்தது. எனக்கு வரப்போகிற ஒரே வியாதி அது. குடை கொடுப்பானாம், மழைக்குப் பிடிக்கக் கூடாதாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பில் கட்ட இரண்டாவது தடவை வந்தபோது வரிசையில் ஒரு லாரி டிரைவர். "முன்னாடியே சலுகை ஃபாரம் கேட்டீங்களா? கைக்காசு கட்டுறவங்களுக்குப் பாதியாக் குறைப்பாங்களே" என்றார். நான் சிரித்தேன். அவர் தன் பில்லைக் காட்டினார். பாதிதான்.

நிஜமா அக்கா? அப்படி ஒரு ஃபாரம் இருக்கிறதா? இருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதை எடுத்து நீட்ட உனக்கு எத்தனை அடி தூரம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டிக்குப் பிரஷர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம், சிறுநீர் பார்க்க வேண்டும். என் பில்லைப் பார்த்த பிறகு அவள் போகவில்லை. போனதாகப் பொய் சொன்னாள். "பழைய மாத்திரையே ஒத்துக்குது, எதுக்குத் தண்டச் செலவு?" என்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆனால் அந்தக் கையெழுத்தையும் நீதான் போட்டாய் என்று வைத்துக்கொள்வேன்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

இருக்கிறது. மேஜையின் இரண்டாவது இழுப்பறையில். கேட்டால் கொடு, கேட்காவிட்டால் வாயைத் திறக்காதே என்பது எங்களுக்கு உத்தரவு. எழுத்தில் கிடையாது, வாய்மொழி. தானாக எடுத்துக் கொடுத்த ஒருத்தியை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். அவள் அடுத்த மாதமே நின்றுவிட்டாள்.

ஆனால் உன் விஷயத்தில் அந்தப் பயத்தைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். மேனேஜர் அன்றைக்கு அந்தப் பக்கமே இல்லை. நீ வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். இழுப்பறையில் கை வைத்தேன். மூன்று வருஷமாக என் வீட்டுப் படி ஏறாதவன். "அக்கா, எனக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று ஒரு வார்த்தை வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். நீ கவுண்டர் பெண்ணைக் கேட்டாய். அந்தப் பிளம்பரின் பில்லை எட்டிப் பார்த்தாய். என்னைக் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

கெட்ட எண்ணம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன். உன் மனைவி பெயருக்கு நானே நிரப்பிவிட்டேன். அவள் கையெழுத்து மட்டும் போதும். பில் போடுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், பின்னால் கொடுத்தால் செல்லாது. யாரிடமும் காட்டாதே. நான் கொடுத்தேன் என்று அவளும் சொல்லக் கூடாது. அவளை இந்த வாரமே அனுப்பு. பிரஷர் சும்மா இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

அவள் போனாள். பாதி விலைதான் ஆனது. பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது, சிறுநீரகத்தில் லேசாகக் கை வைத்திருக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தீங்கன்னா வேற கதைம்மா" என்றாராம் டாக்டர். மாத்திரையை மாற்றியிருக்கிறார். அதற்கு நன்றி.

நன்றி சொல்லியாகிவிட்டது. இனி மற்றது.

அவள் கொண்டு போவதற்கு முன்னால் அந்தத் தாளை நான் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். பெயரையும் விவரத்தையும் மறைத்து முந்நூறு பிரதி. நேற்று வேலைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு உங்கள் கேட்டுக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். "இன்சூரன்ஸ் இல்லாதவங்க இதை வாங்கிக்குங்க. உள்ள போனதும் முதல்ல இதைக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மணிக்குள் தீர்ந்துவிட்டது.

வாட்ச்மேன் விரட்ட வந்தார். வந்தவர், "என் மருமகளுக்கு ஒண்ணு கொடுப்பா" என்று வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்புறம் விரட்டினார். கைக்குழந்தையோடு ஒரு அம்மா போன வாரம் முழுசாகக் கட்டினாளாம், அங்கேயே உட்கார்ந்து அழுதாள். உன் மேனேஜர் என்று நினைக்கிறேன், டை கட்டினவர், வாசல் வரைக்கும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நான் அவருக்கும் ஒன்று நீட்டினேன்.

நீ கோபப்படுவாய். படு. பதினெட்டு வருஷம் நீ மூடி வைத்த இழுப்பறையை நான் ஒரு காலையில் திறந்தேன்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஃபாரத்தின் வலது பக்க மூலையில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். அதை யார் எடுத்துக் கொடுத்தார்களோ அவருடைய பணியாளர் நம்பர். ஒற்றைத் தாளாக வந்தால் அதை யாரும் கவனிப்பதில்லை. பெயரை மறைத்தாய், விவரத்தை மறைத்தாய். அதை மறைக்கவில்லை. முந்நூறு தாளிலும் என் நம்பர்.

எட்டாம் தேதி மத்தியானம் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம். என் டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். அன்றைக்கே என் இன்சூரன்ஸ் அட்டையும் செத்துப்போனது. வேலையோடு வந்தது, வேலையோடு போனது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் இடது மார்பில் ஒரு கட்டி. இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது மூன்று வருஷத்துக்கு முன்னால். அன்று சாயங்காலம்தான் உன் வீட்டுக்கு வந்தேன். சொல்ல வந்தேன். அட்டை இல்லாதிருந்தால் என் கதி என்ன என்று நடுங்கிக்கொண்டே வந்தவள், உன்னைப் பார்த்ததும் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் என்று கத்திவிட்டேன். நீ பிச்சை என்றாய். சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

போன திங்கட்கிழமை ஸ்கேனுக்கு நாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலுகை ஃபாரம் கேட்டேன். "அப்படி எதுவும் எங்ககிட்ட இல்லைம்மா" என்றாள் அந்தப் பெண். அவள் கை எந்த இழுப்பறைப் பக்கம் போய் நின்றது என்பதைக்கூடப் பார்த்தேன். எனக்குத் தெரியாததா? ஆனாலும் வாதாட வாய் வரவில்லை. பின்னால் வரிசை முனகியது. ஸ்கேன் பார்க்காமலே வந்துவிட்டேன்.

நீ செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கைக்குழந்தைக்காரியை நினைத்தால் முடியவில்லை. அதனால்தான் உன்மேல் இன்னும் ஆத்திரம். இதையெல்லாம் எழுதுவது நீ உதவ வேண்டும் என்று இல்லை. உனக்குச் சோறு இறங்கக் கூடாது என்பதற்காக. இனி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 23

அக்காவுக்கு,

சோறு இறங்கவில்லை. உன் காரியம் நடந்தது.

கேட்டில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த நம்பரைப் பார்க்காமல் விட்டதற்குக் கேட்கிறேன். கட்டியைச் சொல்லாமல் மறைத்ததற்கு நீ என்னிடம் கேட்க வேண்டும். அது இருக்கட்டும்.

என் பெண்டாட்டி கடிதத்தைப் படித்துவிட்டு, "அண்ணி தனியாப் போய்த் திரும்பி வந்திருக்காங்க, நீங்க இங்க உக்காந்து பேனா தேடுறீங்களா?" என்று திட்டினாள். நேற்று நாலு ஆஸ்பத்திரிக்கு நானே நடந்து விசாரித்தேன். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். நாலாவது இடத்தில் மேனேஜர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் ஸ்கேனுக்கு ஒரு விலையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதலில் சொன்னதில் பாதிக்கும் கீழே. மார்க்கெட் பக்கம், பச்சைக் கட்டடம்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். வரிசையில் நான் நிற்கிறேன், நீ உட்கார்ந்துகொள். கதவைத் திறக்காவிட்டால் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அக்கா, எனக்கு ஏதாவது பண்ண முடியுமா என்று நான் கேட்கவில்லைதான். இப்போது கேட்கிறேன். வா.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

பச்சைக் கட்டடத்தில் எட்டு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். இதுகூடத் தெரியாமல் ஒன்றரை மணி நேரம் எதற்கு உட்கார்ந்தாய்?

ஏழு மணிக்கு வா.

அக்கா