எட்டரையும் பெரிய வெள்ளிக் கஞ்சியும்

பிப். 22, ஞாயிறு

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். லெந்து நோன்பு நாட்களின் முதல் ஞாயிறு. ஆராதனைக்குத் தனியாகத்தான் போனேன், வழக்கம்போல.

முடிந்ததும் பெண்கள் ஐக்கியம். தலைவி மேரி அக்கா ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். நாற்பது நாளுக்கு எதை விடப்போகிறோம் என்று எழுதி, எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஒருவர் கோழி. ஒருவர் காப்பி. மேரி அக்கா தலைச்சாயம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் எட்டரை மணி சீரியலை விடுறேன்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேரி அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடம் சுகமாகத்தான் இருந்தது.

பெருமைக்குக் கூலி உடனே கிடைத்தது. "அப்போ ரூபிக்கு இனிமே சாயங்காலம் நேரம் இருக்கு லா. பெரிய வெள்ளிக்குக் கஞ்சி இந்த வருஷம் ரூபி பொறுப்பு" என்றார் மேரி அக்கா.

நூற்றைம்பது பேருக்குக் கஞ்சி. நான் தினமும் சமைப்பது இரண்டு பேருக்கு.

வீட்டுக்காரர் செ.விடம் எதையும் சொல்லவில்லை. சீரியலையும் சொல்லவில்லை, கஞ்சியையும் சொல்லவில்லை.

பிப். 23, திங்கள்

சொன்னேன். சீரியலை மட்டும்.

செல்வராஜ் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால், காஸ்வே பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இங்கே ஜொகூரில் பெர்மாஸ் ஜெயா வந்து சேர ராத்திரி ஏழரை. குளியல், சாப்பாடு. எட்டரைக்கு இருவரும் சோபாவில். எங்கள் வீட்டில் அந்தத் தொடருக்குப் பெயரே 'எட்டரை'தான். திட்டிக்கொண்டே பார்ப்போம். மகள் ஷெரின் ஈப்போவுக்கு வேலைக்குப் போன பிறகு நாங்கள் பேசிக்கொள்வதே அந்த அரை மணி நேரம்தான். இன்றைக்குத்தான் அது உறைத்தது.

"நீ பொருத்தனை பண்ணதுக்கு நான் ஏன் ஒத்தையில உக்காரணும்?" என்றார்.

நான் சமையலறைக்குப் போய் முருங்கைக்கீரை உருவினேன். முதல் விளம்பரத்துக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றார். "வசந்தி சாவியை எடுத்துட்டா." இரண்டாவது விளம்பரம்: "மாமியா பார்த்துட்டா."

"ஏங்க, கதை கேட்டா பார்த்த மாதிரிதானே?"

"பார்க்குறதைத்தானே விட்ட. காதை விடலயே."

போதகரிடம் கேட்டுப் பார்க்கலாம். வேண்டாம். கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் தாடிகா மழலையர் பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. வீடு வந்து ஒரு மணி நேரம் துணி துவைத்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மலாய் அக்கா, கக் சாயித்தோன், வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் நீட்டினார். பள்ளிவாசலில் ஊருக்கே ஆக்கும் நோன்புக் கஞ்சி, புபூர் லம்போக். இத்தனை பேருக்கு எப்படி ஆக்குகிறீர்கள் என்று கேட்டேன். "கச்சாவ் சாஜா, ஜாங்கான் திங்கால்." கிண்டு, விட்டுவிட்டு நகராதே. அவ்வளவுதானாம்.

ஒத்திகை 1:
பச்சரிசி 2 குவளை
பாசிப்பயறு அரைக் குவளை (வறுக்க மறந்தேன்)
வெந்தயம், பூண்டு, இஞ்சி
தேங்காய்ப்பால்
தண்ணீர் - கணக்குத் தெரியவில்லை

சோறு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். செ. ஒரு வாய் குடித்துவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். அப்போதுதான் கஞ்சிப் பொறுப்பு என் தலையில் விழுந்ததைச் சொன்னேன். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். இன்று விளம்பரத்துக்கு வரவில்லை.

எழுதி வைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

பெரிய வெள்ளிக் கஞ்சி பன்னிரண்டு வருடம் செ. கையால்தான். ஆலயத்துக்குப் பின்னால் கொட்டகையில் பெரிய பானை, மரத் துடுப்பு. உள்ளே பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகள் மேல் பிரசங்கம். கொட்டகையில் ஒரு ஒலிபெருக்கி; கிண்டிக்கொண்டே கேட்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஐந்தாம் வார்த்தை, தாகத்தைப் பற்றியது, கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார். கை நின்றது அவருக்கே தெரியவில்லை. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பானை முழுக்கப் புகை நாற்றம்.

வரிசையில் முதல் ஆள் மேரி அக்கா. ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆண்டவருக்கு சிலுவையில தாகத்துக்குப் புளிச்ச காடி குடுத்தாங்க, நமக்கு இதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

செ. துடுப்பைக் கழுவி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அது இன்னமும் பின்கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. அன்றிலிருந்து ஆலயத்துக்குப் போவதில்லை. முதலில் ஞாயிறும் ஓவர்டைம் என்று ஒரு சாக்கு. ஓவர்டைம் நின்ற பிறகு நான் ஒரு வார்த்தை கேட்டேன். "முட்டி வலிக்குது" என்றார். போன வருடம் பெரிய வெள்ளிக்குப் பன்னும் மைலோவும் கொடுத்தார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆலயத்தில் நான் காப்பி எடுக்கப் போனதும் பெண்கள் கூட்டம் கப்பென்று அடங்கியது. மேரி அக்கா, "ரூபி வருது, பேசாதீங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. என்னையா, செ.வையா? சுர்ரென்று ஏறியது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒத்திகை 2: பரவாயில்லை. உப்பு இல்லை.

மார்ச் 12, வியாழன்

நல்ல மழை. துணி எல்லாம் உள்ளே. வீடு ஈர நாற்றம்.

எட்டரை இப்போதுதான் சூடு பிடிக்கிறது. செ. இப்போது விளம்பரத்துக்குக்கூடக் காத்திருப்பதில்லை; சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். டிவி முன்னறையில் தன்பாட்டுக்கு ஓடுகிறது, சத்தம் குறைவாக. "நீ கேட்டுட்டா பாவம்" என்கிறார்.

வசந்தியின் கணவன் கோபித்துக்கொண்டு கடைக்குப் பின்னால் ஒரு அறையில் போய்த் தங்கிவிட்டானாம். ஏன் என்று கேட்டேன்.

"வீட்டுல எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிச்சிட்டாங்க. அவளும் சிரிச்சா."

"சிரிச்சதுக்கா? இதுக்கெல்லாம் எவனாச்சும் வீட்டை விட்டுப் போவானா? எழுதுறவனுக்குக் கதை தீர்ந்துபோச்சு" என்றேன்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "பயறை வறுத்துட்டுப் போடு. இல்லாட்டி குழையாது" என்றார்.

கஞ்சியைப் பற்றி அவராகவே பேசியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 21, சனி

கக் சாயித்தோன் வீட்டில் நோன்புப் பெருநாள். செ.வும் வந்தார். ரெண்டாங் கறி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கால்சட்டைப் பட்டன் இறுக்குகிறதாம். இறுக்காமல் என்ன செய்யும்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன், "வசந்தி வீட்டுக்காரன் என்ன ஆனான்?"

"அங்கேயேதான் இருக்கான். வரணும்னு ஆசைதான். எப்படி வர்றதுன்னு தெரியல."

"யாராச்சும் போய்க் கூப்பிட வேண்டியதுதானே?"

"யாராச்சும் இல்ல. அவ கூப்பிடணும்."

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் ஷெரின் போன். சாப்பிட்டீங்களா, மழையா, அதெல்லாம் ஆன பிறகு நான் வசந்தி கதையைச் சொன்னேன், கடைக்குப் பின்னால் அறை, எல்லாம்.

"என்னாம்மா சொல்றீங்க? அந்தத் தொடர் முடிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. கடைசி நாள் எல்லாரும் கல்யாண வீட்டுல போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இப்ப அந்த நேரத்துல புதுசு ஒண்ணு ஓடுது."

"வசந்தி புருஷன்?"

"அவனுக்கு என்னா? நல்லாத்தான் இருந்தான்."

ஆலயத்தில் பெண்கள் கூட்டம் அன்று வாயை மூடிக்கொண்டது இதற்குத்தான். நான் விட்ட சீரியலின் முடிவு என் காதில் விழக் கூடாது என்று. நான்தான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்படியானால் இரண்டு வாரமாக நான் கேட்டது யார் கதை? தெரியும். கேட்ட அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

ராத்திரி வழக்கம்போல வந்து உட்கார்ந்து கதை சொன்னார். எனக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. பூண்டு உரித்தேன். இரண்டு கிலோ.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

மேரி அக்காவைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய் நேராகவே கேட்டேன். காடி என்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?

அவருக்கு நினைவே இல்லை. "நானா? சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிருப்பேன் லா. அதுக்கா தம்பி வரல? நான் முட்டின்னுல்ல நெனச்சேன்."

இரண்டு வருடமாக நான் மனதுக்குள் சண்டை போட்டது சொன்னதையே மறந்துபோன ஒரு மனுஷியோடு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல். பிறகு எரிச்சல் அவர் மேல் இல்லை என்று புரிந்தது.

மூன்றாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நிமிர்ந்தபோது செ. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீடு திரும்பும்போது, "கேட்டுக்கிட்டே நின்னுட்டேன் ரூபி" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

குருத்தோலையைப் பின்கதவில், துடுப்புக்கு மேலே செருகினேன்.

ஏப். 2, பெரிய வியாழன்

வாங்கியாயிற்று: அரிசி 10 கி., பயறு 3 கி., வெந்தயம், இஞ்சி. தேங்காய் காலையில் கடைக்காரரே திருகித் தருவார். துவையலுக்கு மிளகாய் மறந்தேன்.

திருவிருந்து ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது எட்டரை. செ. சோபாவில். புதுத் தொடர் ஓடுகிறது. ரிமோட்டை எடுத்து நானே அணைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது நாளில் முதல் தடவை அந்தச் சோபாவில்.

"இன்னைக்கு நான் கதை சொல்றேன். வசந்தி கடைக்குப் பின்னால இருக்குற ரூமுக்குப் போறா. 'அன்னைக்கு நானும் சிரிச்சேன். தப்பு. மன்னிச்சிருங்க'ன்னு சொல்றா."

என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

"சீரியல் முடிஞ்சிருச்சுன்னு யாரு சொன்னா?"

"ஷெரின்."

"வாயாடி."

பிறகு என்னைப் பார்க்காமல், "அந்த அக்கா சொன்னது எனக்குப் பெருசா படல. அது வாய் அப்படி. நான் உன்னைத்தான் பார்த்தேன்" என்றார்.

"தெரியும்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் தோள் துண்டை எடுத்து என் மடியில் போட்டார். எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கிருந்து குரல்: "தேங்காப்பால் எப்ப ஊத்துவ?"

"பாதி வெந்ததும்."

"கெட்டுது போ. கடைசியில."

ஏப். 3, பெரிய வெள்ளி

இங்கே இன்று விடுமுறை இல்லை. தாடிகாவில் லீவு சொல்லியிருந்தேன். சிங்கப்பூரில் விடுமுறை.

காலை ஏழு மணி. பின்கதவைத் திறந்தால் குருத்தோலை இருக்கிறது, துடுப்பு இல்லை. வாசலில் செ. அதை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "நீ கார்ல அரிசியை ஏத்திட்டு வா. மிளகா நான் வாங்கிக்கிறேன்." மிளகாய் மறந்தது எப்படித் தெரியும்? இந்த நோட்டைப் பார்த்தாரா? இனி ஒளித்து வைக்க வேண்டும்.

கொட்டகை. பானை கழுவி, அடுப்பு பற்றவைத்து, அரிசி களைந்து, பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆராதனை தொடங்கப்போகிறது. செ. முதல் வேலையாக ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கினார்.

"இதைக் கேட்டா என் கை நின்னுரும். நீ உள்ள போய் உக்காரு. ஒவ்வொரு பாட்டுக்கும் வெளிய வந்து சொல்லு."

அப்படியே செய்தேன். ஒரு வார்த்தைக்குப் பிரசங்கம், பிறகு ஒரு பாட்டு. பாட்டு தொடங்கியதும் எழுந்து பக்கவாசல் வழியாக ஓடி, சொல்லிவிட்டு, கடைசி அடிக்குள் திரும்பி வருவது. முன்வரிசைப் பெரியவர் முறைத்தார். முறைக்கட்டும். முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. அதைச் சீக்கிரம் சொல்லி முடித்தேன், நேற்றே பேசியாயிற்று. மூன்றாவதுக்குப் போனபோது அங்கே மேரி அக்கா, கையில் ஒரு சொட்டுக் கஞ்சியோடு, உப்புப் பார்த்துக்கொண்டு. "நான் சொன்னது எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. ஆனா சொல்லிருப்பேன், என் வாய் அப்படி." செ. கிண்டுவதை நிறுத்தாமல், "உப்பு போதுமாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாவது. வெளியே வந்து நின்றேன்.

"தாகமா?" என்றார்.

"ம்."

"காடி வந்துருச்சா?"

"வந்துருச்சு."

சிரித்தார். கண்ணில் நீர் வர, துடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புகையாகவும் இருக்கலாம். "சிரிக்கலாம், இன்னைக்கு சிரிக்கலாம்" என்றார். அப்போதும் கை நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

கஞ்சி அடிப்பிடிக்கவில்லை. உப்புதான் கொஞ்சம் தூக்கல். அவரும் போட்டிருக்கிறார், மேரி அக்காவும் போட்டிருக்கிறார். பானை காலி.

துடுப்பைக் கழுவிக் கொட்டகையிலேயே மாட்டிவிட்டு வந்தோம்.

இப்போது எட்டரை. டிவி போடவில்லை. செ. அலமாரியைக் கிளறி வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிறார். ஞாயிறு ஈஸ்டர், விடியற்காலை ஐந்து மணி ஆராதனை. எத்தனை மணிக்கு எழுப்பட்டும் என்று கேட்டேன்.

"நாலரைக்குத்தான் நான் தினமும் மோட்டார் சைக்கிள்ல ஏறுறேன். நான் உன்னை எழுப்புறேன்."