ஆறு மணிக்குக் கூவாத குருவி

நவம்பர் 18

தம்பி மீது எனக்குள்ள குறைகள்:

1. நவம்பர் 3. கொல்லையில் மாமரத்தடிச் சருகைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினான்.

2. நவம்பர் 11. பனிக்காலத்துக்கு வந்திருக்கும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைப் புரட்டிப் புழு தின்பதை அவனுக்கே காட்டினேன். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. "கலரு நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றான்.

3. இன்று. நான் புளியங்குடி போயிருந்தபோது ஆள் வைத்துக் கூட்டி எரித்துவிட்டான்.

கேட்டதற்கு, "மதினி படுத்திருக்க ஜன்னலுக்குக் கீழ பாம்பு வந்தா யாரு பதில் சொல்லுதது? நன்றி சொல்லுவியன்னு பாத்தா மொறைக்கிய" என்றான். கோவில் புற்றுமண்ணை என் மனைவியின் நெற்றியில் பூசியும் வைத்திருந்தான். அதை நான் துடைக்கவில்லை.

பக்கவாதம் வந்தபின் அவளுக்குப் பேச்சில்லை. காலையிலும் மாலையிலும் ஆறு மணிக்கு அந்தக் குருவி கூவும்போது மட்டும் வலது ஆள்காட்டி விரலைத் தூக்குவாள். மருத்துவர் கேட்டும் தூக்காத விரல் அது. இன்று மாலை கூவல் இல்லை. ஆறேகாலுக்கு அவளாகவே விரலைத் தூக்கினாள். இறக்கவில்லை. ஏழு மணிக்கு நான்தான் பிடித்து இறக்கிவைத்தேன்.

சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டில் இருக்கும் தம்பிக்கு நாளை பதிவுத் தபால் அனுப்புவேன். அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

பாம்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாய். குருவி வராததற்கு நீ பதில் சொல். எனக்கு வேண்டாம், உன் மதினிக்குச் சொல். எழுத்தில் வேண்டும், நவம்பர் 25, மாலை ஆறு மணிக்குள்.