நுனி சேராத நட்சத்திரம்

லினேயோவின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் ஜோகன்னஸ்பர்க்கில் சுகம்.

லினேயோவுக்குப் பிறக்கப்போகும் நம் பேரப்பிள்ளைக்கு, நம் கட்டிலில் கிடக்கும் ஒட்டுப்போர்வையின் நட்சத்திரத்தையே கம்பளிநூல் சதுரங்களாகப் பின்னுகிறேன். பாதிச் சதுரங்கள் இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்யும் நம் ஊர் மப்புசெங் பின்னியவை. நம் கல்யாண ரொட்டியைக் கல் என்றாளே, அவள்தான். இணைத்துப் பார்த்தால் நட்சத்திரத்தின் நுனிகள் சேரவில்லை.

"உன்னோடது சுருங்கிக் கெடக்கு" என்றேன்.

"உன்னோடதுதான் தொளதொளன்னு இருக்கு, லினேயோம்மா. புள்ளைக்குப் போர்வையா, மீன்வலையா?" என்றாள்.

அளந்தால் அவள் சொன்னதுதான் சரி. நான் இங்கே வாங்கிய பின்னல் கொக்கி தடிமனானது. என் சதுரங்களை எல்லாம் எரிச்சலோடு பிரித்துவிட்டேன். அவள் தன் கொக்கியை நீட்டினாள், நான் வாங்கவில்லை.

தகரப்பெட்டியில் உள்ள என் கொக்கியை, ஊரிலிருந்து இங்கே ஆள் ஏற்றிவரும் டாக்ஸிக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம். முதலாளியம்மா கூப்பிடுகிறார். நம் ஊர் மலையில் பனி விழுமுன் போர்வை முடிய வேண்டும். நீங்கள் தாமதித்தால் மப்புசெங்கின் கொக்கியையே வாங்கிவிடுவேன்.

உங்கள் மனைவி