வடநாட்டார் படித்துறை

அன்பு மாப்ளே தனபாலுக்கு,

நம்ம ஊர் வரலாற்றில் பொறிக்கத்தக்க முடிவு ஒன்று போன மாதம் எடுக்கப்பட்டது. குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு பெயர்ப்பலகை வைப்பது, அதற்கு நீல வண்ணம் அடிப்பது என்று ஊர்க்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. பச்சைதான் வேண்டும் என்று ஒரு பிரிவினர் நின்றதில் கூட்டம் இருட்டும்வரை நீண்டது. நீ இருந்திருந்தால் ஏகமனதாக இருந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடிய பிறகு மேலும் சில பையன்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். வயலிலும் ரைஸ்மில்லிலும் இப்போது பீகார்க்காரர்கள்தான். மில்லில் மூட்டை தூக்கும் முகேஷை உனக்குத் தெரியும். அவன் மனைவி சுனிதாவும் இந்த வருடம் வந்துவிட்டாள். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் விரதமிருந்து, சாயந்திரம் மறைகிற சூரியனையும் மறுநாள் உதிக்கிற சூரியனையும் ஆற்றுக்குள் நின்று கும்பிடுவது அவர்கள் வழக்கமாம். பெரிய படித்துறையில் நிற்கலாமா என்று கேட்க முகேஷ் கூட்டத்துக்கு வந்தான்.

"ரெண்டு நேரம் போதும் சார். அப்புறம் எல்லாரும் மாதிரி."

"அன்னைக்கு நம்ம பொம்பளைங்க எங்க குளிக்கிறதாம்?" என்றார் மளிகைக்கடை கோவிந்தராஜ்.

"ஒரு சாயங்காலம் குளிக்கலேன்னா நாங்க ஒண்ணும் நாறிட மாட்டோம். உங்க கவலையப் பாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

உனக்கும் எனக்கும் இருபது வருடமாக இருந்த வழக்கு இதுதானே? அரசு யாருக்கும் சாயாமல் நிற்கிறது என்பதே கதை என்பேன் நான். லீவு நாள் யாருடைய பண்டிகைக்கு, ஆபீசில் எந்த மொழி என்பதெல்லாம் பெரும்பான்மைக்குக் கண்ணில் படுவதில்லை. புதிதாக வந்தவன்தான் போய் முட்டிக்கொள்கிறான். ஆகவே சிறுபான்மைக்குக் கூடுதலாக ஒரு உரிமை கொடுத்தால்தான் கணக்கு நேராகும். கல்லூரியில் இதையே பாடமாக நடத்திய நீ, வீட்டுக்கு வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டாய். உரிமை தனி ஆளுக்குத்தான், கூட்டத்துக்குக் கிடையாது என்பாய்.

"கூட்டத்துக்கு உரிமையா மாப்ளே? எங்க தெருவுக்கு அது எப்பவோ குடுத்தாச்சு. தனித் துறை, தனிச் சுடுகாடு, டீக்கடையில தனி டம்ளர். உலகத்துல எந்தச் சிறுபான்மைக்கு இவ்வளவு செஞ்சிருக்காங்க?"

இப்படித்தான் ஒவ்வொரு முறையும் என்னை மடக்குவாய்.

கூட்டத்தில் எழுந்து, இத்தனை நாள் உன் ஒருவனிடம் வீணாக்கியதை ஊருக்கே பேசினேன். பிரசிடெண்ட் உருகிவிட்டார். "சிங்கப்பூர்ல என் மவன் காவடி எடுக்குறான், அவங்க ரோட்டையே ஒதுக்கித் தராங்க. நாம மட்டும் கொறஞ்சவங்களா? ரெண்டு நேரம் என்னத்துக்கு? வருசம் பூரா அவங்களுக்குன்னே ஒரு துறை இருக்கட்டும்!"

எந்தத் துறை என்று கேட்கிறாயா? மூங்கில் புதரைத் தாண்டிக் கீழே சும்மா கிடக்கிறதே, ஒரு காலத்தில் உங்கள் தெருவுக்கு ஒதுக்கிய துறை. நீங்களெல்லாம் சண்டை போட்டுப் பெரிய துறைக்கு வந்த பிறகு அங்கே யாரும் இறங்குவதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். என்ன முடிவானது என்று புரியாமல் முகேஷும் தட்டினான்.

புதரை வெட்டினோம், பாசி தேய்த்தோம். பூஜை நன்றாகத்தான் நடந்தது. முறத்தில் கரும்பும் வாழைப்பழமும் ஏந்தி சுனிதா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். சூரியனும் தன் பங்குக்கு ஒழுங்காக மறைந்தது. மறுநாள் கோதுமையும் வெல்லமும் சேர்த்த பலகாரம் ஒன்று கொடுத்தாள். என் பல்லுக்கு அது மசியவில்லை.

பலகையில் 'வடநாட்டார் படித்துறை' என்று தமிழில் மட்டும் எழுதியிருக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அப்படியானால் அது யாருக்குச் சொல்கிறது? ஒரு சாயந்திரம் கேட்டவனுக்கு ஆயுளுக்கும் கொடுத்தால் அதற்குப் பெயர் உரிமைதானா? வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியாததையும் உரிமைக் கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது என்றால் என் கட்சி என்ன ஆகிறது? அவர்களுக்கு ஒன்றுமே தராதிருந்தால் உன் கட்சி என்ன ஆகியிருக்கும்? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் பலகையைக் கழற்றச் சொல்லப் போகிறேன், பெரிய துறையையும் பூஜைக்குக் கேட்கப் போகிறேன். உன் பக்கத்து வாதத்தையும் நானே பேசியாக வேண்டும். உன் அளவுக்கு வராது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் பேசுவேன், இது சத்தியம்.

நேற்று சுனிதா துணி துவைக்கப் பெரிய துறைக்கு வந்தாளாம். "உங்களுக்குன்னுதான் தனியா இருக்கேம்மா, அங்க போ, கூட்டமில்லாம வசதியா இருக்கும்" என்று ஒருவர் அன்பாகச் சொல்லியிருக்கிறார். சொன்னது என் வீட்டுக்காரி. சுனிதா வாளியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்துறைக்குப் போனாள்.

இரண்டு தெருவுக்கும் இடையில் இல்லாத உறவில்,
உன் மாப்பிள்ளை