மூன்றாவது முறை வந்த வெள்ளைப் பூ

சோமனூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படித்தானே என்று கேட்டு எழுதத்தான் ஆசை, ஆனால் நேற்று மாப்பிள்ளை கிருபாசங்கர் போனில் எல்லாம் சொல்லிவிட்டார். பத்து நாளாக நீ சரியாகத் தூங்குவதில்லையாம், சாப்பிடக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாம், ஐந்து மாத வயிற்றோடு. போனில் பேசினால் நான் அழுதே காரியத்தைக் கெடுத்துவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், அப்பா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். ஆக்லாந்தில் இருந்துகொண்டு அம்மாவின் கோணல் எழுத்தைப் பொறுமையாகப் படி கண்ணு.

உன் மன அழுத்தத்துக்கான மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான். நீ மாசமாக இருக்கிற சேதி வந்த அன்றைக்கே அப்பாவின் அக்கா பாவாத்தாள் அத்தை வந்து, அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, பிறந்தாலும் பால் கொடுக்கக் கூடாது என்று பயம் காட்டிவிட்டுப் போனார். உன் டாக்டரைக் கேள் என்று சொல்லத் தோன்றாமல் நான் குலதெய்வத்திடம் பூக் கேட்கப் போனேன். வெள்ளை அரளி வந்தால் நிறுத்திவிடலாம், செவ்வரளி வந்தால் சாப்பிடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளை வந்தது, ஆத்தாளே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன், நீயும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டாய். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு அம்மணி. பூசாரி முதலில் பிரித்த பொட்டலத்தில் சிவப்புதான் இருந்தது. இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன், அதிலும் சிவப்பு. எனக்கு மனம் ஆறவில்லை, மூன்றாவது முறை வெள்ளை வந்ததும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். சாமி பேரைச் சொல்லி உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்.

இதை அப்பாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், தறியை நிறுத்திவிட்டுக் காரை எடுத்தார். கோயமுத்தூரில் உன்னை முன்பு பார்த்த நஸ்ரியா டாக்டரிடம் போனோம். பூக் கேட்டதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்க சக்கரை மாத்திரைக்கு என்னைக்காச்சும் பூக் கேட்டிருக்கீங்களாங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். கர்ப்பத்தில் ஆகாத மாத்திரைகளும் சில உண்டாம், அவற்றை டாக்டர்களே பார்த்து மாற்றிவிடுவார்களாம், நீ சாப்பிட்டது அந்த ரகம் இல்லையாம். எந்த மருந்துக்கும் ஆபத்தே கிடையாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் தாய் தூங்காமல் தின்னாமல் நொந்து கிடப்பதும் பிள்ளைக்குக் கெடுதல்தான் என்றார். தாய்ப்பாலில் அந்த மருந்து இறங்குவது மிகக் கொஞ்சம்தானாம், பிள்ளை நன்றாகக் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே பால் கொடுக்கலாமாம். நிறுத்தி இரண்டு மாதம் ஆனதால் பழைய டப்பாவை எடுத்து நீயாக விழுங்காதே, அங்குள்ள டாக்டர் சொல்கிற அளவில்தான் தொடங்க வேண்டும். உயிர் வெறுத்துப்போகிற நினைப்பு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, மாப்பிள்ளையிடம் சொல்லி அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சரவணம்பட்டியில் வேலை பார்த்தபோது ஹாஸ்டல் அறையில் தலைகூடச் சீவாமல் கிடந்தாயே, அந்த மாத்திரையைச் சாப்பிட்டு இரண்டு மாதத்தில் நீயாக எழுந்து வந்து பசிக்கிறது என்று கேட்டாய். அதைக் கண்ணால் பார்த்தவள் நான், பார்த்தும் இப்படிச் செய்துவிட்டேன். அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன், நீ அதை நினைத்து மருகாதே. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடுவேன், ஒன்பதாம் மாதக் கட்டுச்சோறு விருந்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம், புளிசாதப் பொடி இடித்து எடுத்து வருகிறேன். வயிற்றுப் பிள்ளை, வயிற்றுப் பிள்ளை என்று பயந்து பயந்து உன்னை மறந்துபோனேன் கண்ணு. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. உன் முகத்தை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆத்தா உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இன்றைக்கே டாக்டரிடம் போ. என்னைக் கேட்டுவிட்டுப் போக வேண்டாம்.

உன் அம்மா,
பொற்கொடி