விட்டுப்போன பேர்

கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முட்டிவலியும் என்னோடு நடமாடுகிறது, அது கிடக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா, சின்னவனுக்கு இருமல் நின்றதா. போன கடிதத்தில் அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை, நான் மறக்கவில்லை.

இதை உட்கார்ந்து நிதானமாகப் படி, உன் பேர் சம்பந்தப்பட்டது. போன மாதம் பைப்பு மானியத்துக்கு மனு கொடுக்க விவசாய ஆபீசுக்குப் போனேன். கிளார்க் உட்காரச் சொன்னார், காலையிலிருந்து ஆபீஸ் மூடும்வரை உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் இந்த வருடம் யார் யாருக்கு எதற்கு மானியம் கொடுத்தார்கள் என்று பட்டியல் ஒட்டியிருந்தது. ஜனங்கள் பார்க்க ஒட்டியே ஆகவேண்டும் என்று சட்டமாம், அதனால் எல்லாரும் அறுப்பில் இருக்கிற நாளாகப் பார்த்து ஒட்டி மறுநாளே கிழித்துவிட்டார்கள். எனக்கு வேறு வேலை இல்லாமல் அறுபத்துமூன்று பேரையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு சங்கடம், படித்தது மண்டையை விட்டுப் போகாது. அதில் மாட்டுக் கொட்டகைக்கு மானியம் வாங்கியதாக உன் பேரும் இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அண்ணனைக் கேட்டேன், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் தருவார்களாம், தன் பங்குக்கு வாங்கிவிட்டானாம், உன் பங்கு நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று உன் கையெழுத்தையும் அவனே போட்டானாம். ஊரில் யார்தான் செய்யவில்லை என்கிறான். கொட்டகை கட்டியிருக்கிறான், அது பொய்யில்லை, மாடு நனையாமல் நிற்கிறது.

இதற்குள் ஊரார் பட்டியலைக் காட்டு என்று மேலே எழுதிப்போட, செவ்வாய்க்கிழமை பெரிய ஆபீசர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தாள், உன் வயதுதான் இருக்கும். கிளார்க் ஒட்டியாச்சு கிழிச்சாச்சு கம்ப்யூட்டரும் ரிப்பேர் என்றார். உடனே ஊரார், இந்தம்மாவைக் கேளுங்கள், அவங்களுக்கு மனப்பாடம் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். வரிசையாகச் சொன்னேன். பன்னிரண்டாவது மோட்டார்க்காரி, ஆட்டுக் கொட்டகைக்கு. உன் அப்பா செத்து உடம்பு வீட்டில் கிடந்த அன்றைக்கு எதிர் வயலில் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினாளே, அவள்தான். அங்கே ஒரு ஆட்டுப் புழுக்கை கிடையாது, எழுதிக்கிட்டீங்களா என்று கேட்டு அவள் பேரை இரண்டு தடவை சொன்னேன். உன் பேர் வரும் இடம் வந்ததும் கதவோரம் நின்ற உன் அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பேரைச் சொன்னேன்.

எல்லாரும் மெச்சினார்கள், வந்து படுத்துவிட்டேன். சாயங்காலம் மோட்டார்க்காரி வந்தாள், உன் அப்பா போன இந்தப் பதினொரு வருடத்தில் முதல் தடவை. அறுபத்துமூன்று என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நானே அல்லவா, அவள் விரல்விட்டு எண்ணியிருக்கிறாள், அறுபத்திரண்டுதான். உங்க வீட்டுப் புதுக் கொட்டகையை நானும் பார்க்கிறேனே, விடுங்கக்கா, நானாயிருந்தாலும் விழுங்கியிருப்பேன், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் என்றாள். குத்திப் பேசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நிஜமாகவே சொன்னாள். காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நாளைக்குப் போய் அந்த ஆபீசரிடம் மிச்சத்தைச் சொல்லப்போகிறேன். அம்மா பெரிய யோக்கியம் என்று நினைத்துக்கொள்ளாதே, மோட்டார்க்காரி தயவில் என்னால் இருக்கமுடியாது, அவ்வளவுதான். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். செவலை மாட்டை விற்றுத்தான் மானியப் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்றான், அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. கையெழுத்து உன்னுடையதா என்று உனக்குக் கடிதம் வரும், இல்லை என்று எழுது. நீ பணம் அனுப்பாதே. அவனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு, திட்டாதே, அவனும் களைத்துப்போய்விட்டான். எனக்கும் அலுத்துவிட்டது கண்ணு. அறுபத்திரண்டு பேரை மூச்சுவிடாமல் சொன்ன வாய்க்கு இந்த ஒரு பேர் வரவேண்டும். உனக்கு அந்தப் பேரை வைத்தவளே நான்தான்.

பிள்ளை குட்டிகளோடு குறையில்லாமல் இரு. சின்னவன் இருமலைப் பற்றி எழுது.

உன் அம்மா